இறைச்சிக் கடையிலிருந்து தொடங்குங்கள்: கசியிழையம் படிக்க வரும் புதியவர்களுக்கு

"சேர், மூணு ஸ்லைடும் ஒரே மாதிரித்தான் தெரியுது." இலங்கை மலையகத்தின் ஹட்டனில் என் உயர்தர வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் சரி, பேராதனைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ மருத்துவம் படிக்கப் போய் முதல் விடுமுறைக்கு வீடு வரும் பிள்ளைகளும் சரி, கசியிழையம் என்றதும் இதைத்தான் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெயர்களை முதலில் பாடமாக்கச் சொல்லிவிட்டுப் பொருளைக் கடைசியில் காட்டுகிறோம். இங்கே அந்த வரிசையை மாற்றியிருக்கிறேன். முதலில் கை, அப்புறம் கண், பெயர் அதற்குப் பிறகு.

ஒரு சொல் விளக்கம். பாடநூலில் கசியிழையம், இறைச்சிக் கடையில் குருத்தெலும்பு, வீட்டுக் குழம்பில் மொறுமொறு எலும்பு. எல்லாம் ஒன்றுதான். இன்னொன்றையும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: கசியிழையத்துக்குள் இரத்தக் குழாய் கிடையாது. நரம்பு கிடையாது, நிணநீர்க் குழாயும் கிடையாது. கீழே வரப்போகும் முக்கால்வாசி விஷயம் இந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கிறது. மறந்தால் மற்றதெல்லாம் மனப்பாடமாகிவிடும்.

கையால் தொட்டுப் பார்ப்பது

போயா நாளில், அதாவது முழுநிலா விடுமுறையில், கடை பூட்டியிருக்கும், வேறு ஒரு நாள் காலையில் போங்கள். ஆட்டின் நான்கு பாகங்கள் வேண்டும்: தொண்டைக் குழாயில் ஒரு துண்டு, விலா எலும்பின் நெஞ்சுப் பக்க நுனி, வெட்டாத காது ஒன்று, பின்னங்காலின் முழங்கால் மூட்டு. மூட்டைக் கொத்தாமல் முழுதாகத் தரச் சொல்லுங்கள். நான் முதன்முறை கேட்டபோது கடைக்காரர், "நாய்க்கா தம்பி?" என்றார். "இல்ல நானா, படிக்கிறதுக்கு" என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "இதையுமா படிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, தொண்டைக் குழாய்க்குக் காசே வாங்கவில்லை. ஆட்டிறைச்சி விற்கும் விலையில் எல்லாமே வாங்க முடியாவிட்டால், இளம் கோழியின் நெஞ்செலும்பு நுனியில் இருக்கும் வெள்ளைத் துண்டு தொடக்கத்துக்குப் போதும்.

இனி வீட்டு மேசையில் விரியுங்கள். விலா நுனி நீலம் கலந்த வெள்ளை, கொஞ்சம் கண்ணாடித்தனமான பளபளப்பு. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல மீளும். வெட்டினால் ஒரு சொட்டு இரத்தம் வராது. தொண்டைக் குழாயில், அதாவது வாதனாளியில், வளையங்கள் இருக்கும். ஒன்றை விரலால் சுற்றித் தடவுங்கள், முழு வட்டமாக இருக்காது, பின்பக்கம் திறந்திருக்கும். மனிதரிலும் அப்படித்தான், 16 முதல் 20 வரையான வளையங்கள். காதை இரண்டாக மடித்து விடுங்கள், டக்கென்று பழைய நிலைக்கு வரும். தோலை உரித்தால் உள்ளே இருப்பது சற்று மஞ்சள். கடைசியாக முழங்காலைத் திறங்கள். எலும்பின் தலையில் வழுவழுப்பான ஒரு பூச்சு, அதற்கு மேல் பிறை வடிவில் இரண்டு தட்டுகள். தட்டுகள் வழுவழுப்பாக இருந்தாலும் பூச்சைப் போல மின்னாது. வெள்ளையாக, நார்நாராக, பிய்ப்பதற்குக் கடினமாக இருக்கும்.

மூன்று வகையையும் நீங்கள் இப்போதே பிரித்துவிட்டீர்கள். விலா நுனி, தொண்டை வளையம், மூட்டுப் பூச்சு ஆகியவை பளிங்குக் கசியிழையம். காது மீள்தன்மையுள்ள கசியிழையம். பிறைத் தட்டு நார்க் கசியிழையம்; அந்தத் தட்டைத்தான் மெனிஸ்கஸ் என்கிறார்கள்.

கரட்டுக்குள் வைத்து வெட்டுவது

பாடசாலையில் ஆயத்த ஸ்லைட் இல்லை என்று கவலை வேண்டாம். புதிய துண்டை நீங்களே வெட்டிப் பார்ப்பதில் ஒரு தனி லாபம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். ஒரு லீற்றர் நீரில் 9 கிராம் உப்பைக் கரைத்து வையுங்கள். வெறும் நீரில் போட்டால் கலங்கள் ஊதிவிடும். ஒரு நல்ல நுவரெலியா கரட்டை எடுத்து நடுவே கீறி, விலா நுனியில் நெல் அளவுத் துண்டை அந்தக் கீறலுக்குள் செருகுங்கள். புது ஷேவிங் பிளேட்டை உப்பு நீரில் நனைத்து, கரட்டையும் துண்டையும் சேர்த்து ஒரே இழுப்பில் சீவுங்கள். பிளேட்டை அமுக்கக் கூடாது, உங்கள் பக்கமாகச் சறுக்க விட வேண்டும். பத்துச் சீவலில் ஒன்றுதான் தேறும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் அந்த ஒன்றைத் தூரிகையால் எடுத்து ஸ்லைடில் வையுங்கள். மெதிலீன் நீலம் ஒரு துளி, ஒரு நிமிடம் பொறுத்து உப்பு நீரால் கழுவி, கவர் ஸ்லிப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்ல இறக்குங்கள்.

மெல்ல என்று சொல்லக் காரணம் இருக்கிறது. முதலாமாண்டு செய்முறை வகுப்பில் நான் அரை மணி நேரம் செலவழித்து அழகாக ஒரு வட்டம் வரைந்து, அதற்குக் கசியிழையக் கலம் என்று பெயரும் எழுதினேன். பார்க்க வந்தவர், "தம்பி, இது காற்றுக் குமிழி" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். காற்றுக் குமிழியின் விளிம்பு தடித்த கறுப்பாக இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. கலத்துக்குள் கரு இருக்கும்.

நம் பக்கத்துக்கு மட்டுமான ஒரு குறிப்பு. கண்ணாடி வைத்த பழைய நுணுக்குக்காட்டி என்றால் பனிமூட்டம் இறங்குவதற்கு முன், காலை பத்து மணிக்குள் ஜன்னலோரம் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். மூச்சுப் பட்டு லென்ஸ் மங்கினால் சட்டை நுனியால் துடைக்காமல் லென்ஸ் தாளால் துடையுங்கள். வேலை முடிந்ததும் பெட்டிக்குள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போடுங்கள். இந்த ஈரத்தில் லென்ஸில் பூஞ்சணம் பிடித்தால் போகவே போகாது.

கண்ணில் என்ன தெரிய வேண்டும்

குறைந்த பெருப்பத்தில், 40 மடங்கில், தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் 400க்குப் போகிறவர்களுக்குத்தான் எல்லா ஸ்லைடும் ஒரே மாதிரித் தெரிகிறது. நிறைய வெறும் இடமும், அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகளும் தெரியும். வெறும் இடம்தான் தாயம், அதாவது கலங்களுக்கு இடையே நிறைந்திருக்கும் பொருள்; புள்ளிகள் கலங்கள். வேறு இழையங்களில் கலங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இங்கே தாயத்தின் ராஜ்யம்.

அந்தத் தாயம் எதனால் ஆனது? ஈர எடையில் 60 முதல் 80 வீதம் வரை நீர். அந்த நீரைப் பிடித்து வைத்திருப்பது அக்ரிகன் என்னும் பெரிய மூலக்கூறு. போத்தல் கழுவும் தூரிகையைப் போல, நடுவில் ஒரு புரதத் தண்டு, சுற்றிலும் சல்பேற்று ஏறிய வெல்லச் சங்கிலிகள். சல்பேற்றின் எதிர் ஏற்றம் சோடியத்தை இழுக்கும், சோடியத்தின் பின்னால் நீர் வரும். இப்படி வீங்கத் துடிக்கும் ஜெல்லை வகை 2 கொலாஜன் என்னும் புரத இழைகளின் வலை இறுக்கிப் பிடித்திருக்கிறது. நகத்தால் அமுக்கியபோது பள்ளம் விழுந்து மீண்டதே, அதற்குக் காரணம் இந்த இழுபறிதான். அதே சல்பேற்றுதான் மெதிலீன் நீலத்தையும் ஆயத்த ஸ்லைடில் ஹெமடொக்சிலின் என்ற சாயத்தையும் கவ்விக்கொண்டு தாயத்தை நீலமாக்குகிறது. கொலாஜன் வலை மட்டும் சாதாரண ஸ்லைடில் தெரியாது. இழைகள் மிக மெல்லியவை. ஒளியை வளைக்கும் அளவும் ஏறத்தாழ ஜெல்லுடையதே. அதனால்தான் பளிங்கு என்ற பெயர்.

இப்போது 400 மடங்கு. ஒவ்வொரு கலமும் தாயத்துக்குள் ஒரு சிறு குழியில் இருக்கும். குழியின் பெயர் லகூனா, கலத்தின் பெயர் கொண்ட்ரோசைட். ஆயத்த ஸ்லைடில் கலம் சுருங்கி, குழியில் பாதி வெறுமையாகக் கிடக்கும். உயிருள்ளபோது அப்படி இல்லை. பதப்படுத்தும்போது நீரும் கொழுப்பும் போய்க் கலம் சுருங்கிவிடுகிறது. நீங்கள் கரட்டில் வைத்து வெட்டிய புதிய துண்டில் கலம் குழியை நிறைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். நான் சொன்ன லாபம் இதுதான்.

குழிகள் இரண்டு, நான்கு என்று கூட்டமாக நெருங்கி இருப்பதையும் கவனியுங்கள். தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், மகனுக்குக் கல்யாணம் ஆனால் அதே காம்பராவை, அந்த ஒற்றை அறையை, நடுவில் மறித்துக் கொடுப்பார்களே, அதே கதை. ஒரு குழியில் இருந்த கலம் பிரிந்து இரண்டாகிறது, இரண்டுக்கும் நடுவில் தாயம் தடுப்பாகிறது. தாய்க்கலம் ஒன்று, அதனால் இதை ஒரேபிறப்புக் கூட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தைச் சுற்றி உடனடியாக இருக்கும் தாயம் கரு நீலம், கூட்டங்களுக்கு இடையில் உள்ளது வெளிர். கலத்துக்குப் பக்கத்தில் சல்பேற்று அதிகம், அதனால் சாயமும் அதிகம்.

அப்புறம் ஸ்லைடை ஓரத்துக்கு நகர்த்துங்கள். நடுவில் உருண்டையாக இருந்த கலங்கள் ஓரம் போகப் போகச் சப்பையாகி, கடைசியில் இளஞ்சிவப்பு நார் உறை ஒன்றில் முடியும். அது பெரிகொண்ட்ரியம். வெளிப்பாதி நார், உட்பாதி புதிய கசியிழையக் கலங்களைத் தரும் பகுதி. இரத்தக் குழாய்கள் இந்த உறை வரைக்கும்தான் வரும். மேல் டிவிஷனுக்கு வீதி இல்லாத தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். லொறி கீழ் வீதியில் நின்றுவிடும், மாவும் அரிசியும் அங்கிருந்து கால்நடையாக மேலே போக வேண்டும். ஒட்சிசனும் குளுக்கோசும் அப்படித்தான் ஜெல்லின் ஊடாகப் பரவிப் பரவி நடுக்கலத்தை அடைகின்றன. ஆகவே கசியிழையம் அளவுக்கு மீறித் தடிக்க முடியாது. மெதுவாகத்தான் வாழும், அடிபட்டால் மெதுவாகவும் அரைகுறையாகவும்தான் ஆறும்.

மற்ற இரண்டு வகை

மீள்தன்மைக் கசியிழையத்தை இனங்காண்பது சுலபம், சரியான சாயம் இருந்தால். ஓர்சீன் போட்ட ஸ்லைடில் எலாஸ்டின் நார்கள் செங்கபில நிறத்தில் கலங்களைச் சுற்றி முட்புதர் மாதிரிப் பின்னிக் கிடக்கும். வேர்ஹோஃப் சாயம் என்றால் கறுப்பு. சாதாரண ஹெமடொக்சிலின்–இயோசின் மட்டும் போட்டிருந்தால் கலங்களின் நெருக்கத்தைப் பாருங்கள். பளிங்கு வகையைவிட இங்கே கலங்கள் அதிகம், தாயம் குறைவு. உறை உண்டு. காது மடல், நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய், குரல்வளை மூடி ஆகிய இடங்களில் இருக்கிறது. பளிங்கு வகை வயதானால் சுண்ணமேறிக் கடினமாகலாம், இதில் அது நடப்பதில்லை. எண்பது வயதுத் தாத்தாவின் காதும் மடித்தால் திரும்பி வரும்.

பிள்ளைகள் சறுக்கும் இடம் நார்க் கசியிழையம். முள்ளந்தண்டு என்புகளுக்கு இடையிலான தட்டின் வெளிவளையம், பூப்பென்பு ஒட்டு, முழங்கால் மெனிஸ்கஸ் ஆகியவற்றில் இருக்கிறது. வகை 1 கொலாஜன் தடித்த கற்றைகளாக ஓடுவதால் ஸ்லைட் நீலமாக இல்லாமல் இளஞ்சிவப்பாகத் தெரியும். உடனே "சிரை நாண்", அதாவது தசையை எலும்போடு பிணைக்கும் நாண், என்று எழுதிவிடுவார்கள். நாணில் கருக்கள் ஒல்லியாக, நார்களுக்கு இடையில் நசுங்கிக் கிடக்கும், குழி இருக்காது. நார்க் கசியிழையத்தில் கலங்கள் உருண்டையாகக் குழிக்குள் இருக்கும், நார் ஓடும் திசையில் வரிசை கட்டி நிற்கும், ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய நீலச் சாயல் ஒன்று இருக்கும். உருண்டையா நசுங்கியா என்ற கேள்வியை மட்டும் கேளுங்கள். உறையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், இந்த வகைக்கு உறை கிடையாது. மூட்டுப் பூச்சாக இருக்கும் பளிங்குக் கசியிழையத்துக்கும் உறை இல்லை. இந்த இரண்டாவது விலக்கைப் பரீட்சையில் கேட்க ஆசிரியர்களுக்கு ஒரு தனிப் பிரியம்.

வளர்ச்சி: சுவரும் தோசை மாவும்

கசியிழையம் இரண்டு விதமாக வளர்கிறது. சுவருக்குச் சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பாகப் பூசினால் தடிக்குமே, அது ஒரு விதம். உறையின் உட்பாதியில் உள்ள கலங்கள் கொண்ட்ரோபிளாஸ்ட்களாகி, வெளிப்பரப்பில் புதிய தாயத்தைச் சுரந்து, அதற்குள் தாங்களே அடைபடுகின்றன. அடைபட்டதும் பெயர் கொண்ட்ரோசைட். இரண்டாவது விதம் இரவில் கரைத்து வைத்த தோசை மா பொங்குவது போல. உள்ளே இருக்கும் கலங்களே பிரிந்து, தாயம் சுரந்து, முழுத் துண்டையும் உள்ளிருந்து உப்ப வைக்கும். காம்பராவை மறித்த கூட்டம் இந்த வளர்ச்சியின் தடயம்தான். எலும்பால் (பாடநூலில் என்பு) இப்படி முடியாது, அது கல் மாதிரி இறுகிவிட்டது. ஜெல்லாக இருப்பதால் கசியிழையத்தால் முடிகிறது. கருவில் நம் கைகால் எலும்புகள் எல்லாம் முதலில் கசியிழைய மாதிரிகளாக உருவாவதன் நியாயம் இதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மீண்டும் கடைக்குப் போக வேண்டும். இளம் ஆட்டின் நீண்ட எலும்பை நெடுக்காக அறுத்துத் தரச் சொல்லுங்கள். சிவந்த மச்சைக்கு நடுவே, எலும்புத் தலைக்குச் சற்றுக் கீழே, நூல் போட்டது போல ஒரு வெள்ளைக் கோடு குறுக்கே ஓடும். வளர்ச்சித் தட்டு. ஆடு உயரமானது அந்தக் கோட்டால்தான், நீங்களும் அப்படித்தான்.

அதன் ஆயத்த ஸ்லைட் கிடைத்தால் ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், இழையவியலில் இதைவிட அழகான ஸ்லைட் எனக்குத் தெரிந்து இல்லை. எலும்புத் தலைப் பக்கத்திலிருந்து தொடங்கித் தண்டுப் பக்கமாக நகர்த்துங்கள். முதலில் சிதறிக் கிடக்கும் சிறு கலங்கள், இது ஓய்வு வலயம். அடுத்து கலங்கள் சப்பையாகி, சுடச்சுட அடுக்கிய ரொட்டி மாதிரி நிரல் நிரலாக நிற்கும். இங்கே பிரிவு மும்முரமாக நடக்கிறது, நீளம் கூடுவதில் ஒரு பங்கு இந்த அடுக்கில். அதற்குக் கீழே கலங்கள் பல மடங்கு வீங்கி, குழிகளுக்கு இடையிலுள்ள தாயம் மெல்லிய சுவராகிறது. மிச்ச நீளத்தின் பெரும் பங்கை இந்த வீக்கம் தருகிறது. வீங்கிய கலங்கள் வகை 10 கொலாஜனைச் சுரக்கும். அடுத்த வலயத்தில் தாயத்தில் சுண்ணம் படிகிறது. ஜெல்லின் ஊடாகப் பரவல் தடைபட, பெரும்பாலான கலங்கள் மடிகின்றன.

இங்கேதான் இரத்தக் குழாய் கிடையாது என்று தொடக்கத்தில் சொன்ன வரி திரும்ப வருகிறது. வீங்கிய கலங்கள் இரத்தக் குழாய்களை அழைக்கும் காரணி ஒன்றைச் சுரக்கின்றன, விஈஜிஎஃப் என்பது அதன் சுருக்கப் பெயர். இத்தனை நாள் இரத்தத்தை உள்ளே விடாத இழையம் தானாகக் கதவைத் திறக்கிறது. குழாய்கள் தண்டுப் பக்கத்திலிருந்து நுழைகின்றன, கூடவே என்பு கட்டும் கலங்களும் வந்து, மிஞ்சிய சுண்ணச் சுவர்களின் மேல் என்பைப் பூசுகின்றன. கசியிழையம் என்பாக "மாறுகிறது" என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். "என்பு அதன் இடத்தைப் பிடிக்கிறது" என்று எழுதுங்கள், திருத்துபவர் மனம் குளிரும்.

பருவ வயதில் எஸ்ட்ரஜன், ஆண் பிள்ளைகளிலும் அதேதான், இந்தத் தட்டை மெல்ல மூட வைக்கிறது. பெண் பிள்ளைகளில் ஏறத்தாழ 14–16 வயதிலும் ஆண் பிள்ளைகளில் 16–18 வயதிலும் பெரும்பாலான தட்டுகள் மூடிவிடும். அதற்குப் பிறகு உயரம் கூட்டும் மாவு என்று பஸ் நிலையத்தில் விற்பதை வாங்கினால் காசுதான் குறையும்.

வீட்டுக்குப் போனால் கேட்கப்படும் கேள்வி

வெள்ளை கோட் போட்டு ஒரு படம் அனுப்பியிருந்தாலே போதும், அடுத்த முறை தோட்டத்துக்குப் போகும்போது யாராவது முட்டியைக் காட்டுவார்கள். கொழுந்துக் கூடையோடு சரிவில் ஏறி இறங்கிய கால்கள். என் அம்மாயி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "டாக்டர் தேஞ்சி போச்சுங்கிறாரு. மறுபடி வளராதாடா?"

முழங்காலின் மூட்டுப் பூச்சு பல இடங்களில் 2 முதல் 4 மில்லிமீற்றர் தடிப்புத்தான். உறை இல்லை என்று மேலே சொன்னேனே, ஆகவே புதிய கலம் வர வழி இல்லை. இரத்தமும் இல்லை. உணவு மூட்டுத் திரவத்திலிருந்து, நடக்கும்போது அமுங்கி விரியும் பஞ்சு மாதிரி உறிஞ்சப்படுகிறது. அங்குள்ள கொலாஜன் புதுப்பிக்கப்படும் வேகம் ஒரு மனித ஆயுளுக்குள் அடங்காத அளவு மெதுவானது. அழிந்த கசியிழையம் மீளாது என்று வில்லியம் ஹன்டர் 1743ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். 1994இல் சுவீடன் மருத்துவர்கள், நோயாளியின் கசியிழையக் கலங்களையே எடுத்து வெளியே பெருக்கி, முழங்காலில் திரும்ப வைத்த முறையை வெளியிட்டார்கள். அது சிறிய காயங்களுக்கு உதவும் முறை, முழுக்கத் தேய்ந்த மூட்டுக்கு அல்ல.

இவ்வளவையும் அம்மாயியிடம் சொல்லவில்லை. அந்தக் குருத்தில் நரம்பே இல்லை என்று மட்டும், தெரிந்ததைக் காட்டிக்கொள்ளும் ஆசையில், சொல்லி வைத்தேன்.

"நரம்பே இல்லேன்னா அப்ப எதுடா வலிக்குது?"

அடியில் இருக்கும் எலும்பும் மூட்டைச் சுற்றிய உறையும்தான் என்றேன். அவற்றில் நரம்பு தாராளமாக இருக்கிறது. குருத்து மெலிந்து எலும்பில் பாரம் விழத் தொடங்கிய பிறகுதான் நமக்குத் தெரியவே வருகிறது.